விண்ணில் ஒரு நிறைகோல்: கரியமில வாயுவை அளக்கும் செயற்கைக்கோள்கள்

முன்னுரை

பள்ளி ஆய்வுக்கூடத்தில், தெளிந்த சுண்ணாம்பு நீர் நிறைந்த சோதனைக்குழாயில் ஒரு கண்ணாடிக் குழலை விட்டு ஊதி, அந்நீர் பால்போல் வெளுப்பதைக் கண்டு வியந்த நாள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு உண்டு என்பதற்கு நாம் கண்ணாற்கண்ட முதற்சான்று அதுவே. ஆனால் அச்சோதனை 'உண்டா, இல்லையா' என்னும் வினாவிற்கு மட்டுமே விடை தரும். 'எவ்வளவு உண்டு?' என்று கேட்டால் சுண்ணாம்பு நீர் வாய் திறவாது.

அறிவியல் தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், உலகின் கரியமில வாயுவைச் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன என்று நாம் போகிற போக்கில் கூறினோம். உடனே மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்தக் கோள் சுற்றும் 700 கிலோமீட்டர் உயரத்தில் காற்று என்று சொல்லத்தக்கதே இல்லையே! காற்றில்லாத இடத்தில் இருக்கும் கருவி, கீழே உள்ள காற்றை எப்படி அளக்கும்?" என்று வினவினார். நல்ல வினா. நமக்கு அப்போது விடை தெரியவில்லை. தெரியவில்லை என்பதை வகுப்பிலேயே ஒப்புக்கொண்டு, இயற்பியல் துறை நண்பர்களை அணுகியும் உரிய நூல்களைப் பயின்றும் ஒருவாறு தெளிந்தோம். அம்மாணவருக்குத் தர வேண்டிய விடையே இக்கட்டுரையாக விரிகின்றது.

சொல்லும் பொருளும்

பொருளுக்குள் புகுமுன் சொல்லைப் பற்றி ஒரு சொல். 'கார்பன்-டை-ஆக்சைடு' என்று பாடநூல்களும், 'கரியமில வாயு' என்று இதழ்களும், 'கரிவளி' என்று தனித்தமிழ் அன்பர்களும் வழங்குகின்றனர். கரியும் அமிலமும் கூடிய பெயர் முற்றிலும் பொருத்தமன்று என்பாருளர். இவ்வளி நீரில் கரைந்த பின்னரே கரிம அமிலமாகின்றது என்பது உண்மையே. எனினும் பாமரரும் அறிந்த சொல் என்பதால் கரியமில வாயு என்னும் வழக்கையே இங்கு மேற்கொள்கின்றோம்.

அளவையும் முன்னதாகவே விளக்கிவிடல் நன்று. காற்றில் உள்ள மூலக்கூறுகளைப் பத்து இலட்சம் என எண்ணி எடுத்தால், அவற்றுள் எத்தனை கரியமில வாயு மூலக்கூறுகள் என்பதே அறிவியலார் கையாளும் கணக்கு. தொழிற்புரட்சிக்கு முன் அது ஏறத்தாழ 280. 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரியோ ஏறத்தாழ 424. இனி இக்கட்டுரையில் '400 பங்கு' என்று வருமிடமெல்லாம் பத்து இலட்சத்தில் 400 என்றே கொள்க.

மண்ணில் தொடங்கிய அளவை

கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் இயல்புடையது என்பது புதிய செய்தியன்று. அமெரிக்கப் பெண்மணி யூனிசு ஃபுட், கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வளிகளை அடைத்து வெயிலில் வைத்து ஆராய்ந்து, கரியமில வாயு அடைத்த குழாயே மிகுதியாகச் சூடேறுவதை 1856இல் வெளியிட்டார். 1859இல் ஜான் டிண்டல், இவ்வளி வெப்பக் கதிர்களை உட்கவர்வதை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். 1896இல் சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியசு, காற்றில் இவ்வளி இருமடங்கானால் உலகம் எவ்வளவு சூடேறும் என்று கையாலேயே கணக்கிட்டார். ஆயினும், காற்றில் இவ்வளி உண்மையில் ஆண்டுதோறும் மிகுகின்றதா என்பதை ஐயத்திற்கிடமின்றி அளந்து காட்ட மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அப்பணியைச் செய்தவர் சார்லஸ் டேவிட் கீலிங். அவர் 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் தம் அளவையைத் தொடங்கினார். நகரப் புகையும் காட்டு மரங்களின் மூச்சும் நேரே வந்து கலவாத இடம் அது. முதலில் கிடைத்த அளவு ஏறத்தாழ 313 பங்கு. ஆண்டு கழிந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. மே மாதத்தில் உச்சம், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தாழ்வு என அளவு ஏறி இறங்கியது. வடபாதி உலகின் காடுகளும் வயல்களும் கோடையில் தழைத்து இவ்வளியை உண்கின்றன. இலையுதிர்ந்து மக்கும் காலத்தில் அதைத் திருப்பி விடுகின்றன. உலகம் ஆண்டுக்கொரு முறை மூச்சை இழுத்து விடுவதைக் கீலிங் கண்டார். ஒவ்வோராண்டின் உச்சமும் முந்தைய ஆண்டின் உச்சத்தை விட உயர்ந்திருப்பதையும் கண்டார்.

கீலிங் 2005இல் மறைந்தார். அவர் தொடங்கிய அளவை நிற்கவில்லை. 2013 மே மாதத்தில் அங்கு ஒரு நாளின் சராசரி முதன்முறையாக 400 பங்கைத் தொட்டது. 2022 நவம்பரில் அவ்வெரிமலை சீறி, நிலையத்திற்குச் செல்லும் சாலையையும் மின்கம்பியையும் எரிகுழம்பு அறுத்தது. அப்போதும், அருகிலுள்ள மௌனா கியா மலையில் கருவி நிறுவி அளவையைத் தொடர்ந்தனர்.

நிலையங்கள் போதாமை ஏன்?

இத்துணைச் சிறந்த நிலையம் இருக்க, விண்ணுக்கு ஏன் செல்லவேண்டும்?

மனிதர் நிலக்கரியும் எண்ணெயும் எரிவளியும் எரிப்பதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயு வெளியாகின்றது. காடழிப்பினால் வருவது இதற்கு மேல். இவை முழுவதும் காற்றில் தங்குவதில்லை. ஏறத்தாழப் பாதியளவே தங்குகின்றது. எஞ்சியதில், மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கைக் கடல் கரைத்துக்கொள்கின்றது. அதனினும் சற்று மிகுதியை நிலத்துத் தாவரங்களும் மண்ணும் ஏற்றுக்கொள்கின்றன. இயற்கை நமக்குச் செய்யும் இவ்வுதவி எவ்விடத்தில் நிகழ்கின்றது? அமேசான் காடா, ஆப்பிரிக்கக் காடா, வடபுலத்துப் பனிக்காடா? ஒரு கொடிய வறட்சி வந்தால் அக்காடு ஏற்பதை நிறுத்திவிடுமா? கடன் கொடுத்துதவும் செல்வர் எவர் என்றே தெரியாமல் கடன் வாங்கிக்கொண்டிருப்பவன் நிலைதான் நம் நிலை.

நிலத்து நிலையங்கள் தம் கருவிக்குள் புகும் காற்றைத்தான் அளக்க முடியும். அவற்றின் எண்ணிக்கையும் சில நூறுகளைத் தாண்டாது. அவற்றிலும் பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ளன. வினாவிற்கு விடை இருக்கும் வெப்பமண்டலக் காடுகளிலும் பெருங்கடல்களிலும் அவை மிகக் குறைவு. ஆகவே உலகம் முழுவதையும் ஒரே கருவியால், ஒரே முறையில் பார்க்கவல்ல ஓரிடம் வேண்டியதாயிற்று. அவ்விடம் விண்வெளியே.

ஒளியே சாட்சி

இனி அம்மாணவரின் வினாவிற்கு வருவோம். செயற்கைக்கோள் காற்றை அளப்பதில்லை. காற்றின் ஊடே வந்த ஒளியை அளக்கின்றது.

ஞாயிற்றின் ஒளி வளிமண்டலத்தைக் கடந்து தரையில் விழுகின்றது. அதில் ஒரு பகுதி தரையில் பட்டு மீண்டு, மறுபடியும் வளிமண்டலத்தைக் கடந்து விண்ணுக்குச் செல்கின்றது. ஆக, மேலே உள்ள கருவியை அடையும் ஒளி, காற்றை இருமுறை ஊடுருவி வந்த ஒளியாகும். வழியில் ஒவ்வொரு வளியும் தனக்கே உரிய அலைநீளங்களை மட்டும் விழுங்கிவிடும். ஒரு வளி விழுங்கும் அலைநீளங்களை மற்றொரு வளி அப்படியே விழுங்குவதில்லை. எனவே மீண்டு வந்த ஒளியைப் பல்லாயிரம் நிறங்களாகப் பிரித்துப் பார்த்தால், எந்த வளி எங்கெங்கே கை வைத்தது என்பது இருண்ட கோடுகளாகத் தெரியும். கைரேகையைக் கொண்டு ஆளை அறிவது போன்றதே இது. கோடு எவ்வளவு ஆழமாக இருண்டிருக்கின்றதோ, அவ்வளவு மிகுதியாக அவ்வளி வழியில் இருந்தது என்பது பொருள்.

ஒளியைப் பிரிக்கும் இக்கருவி நிறமாலைமானி எனப்படும். பள்ளியில் நாம் கண்ட முப்பட்டகம் வெள்ளொளியை ஏழு நிறமாகக் காட்டிற்று. கோளில் உள்ள நிறமாலைமானியோ, நுண்ணிய கோடுகள் வரிசையாகக் கீறப்பட்ட கீற்றணியைக் கொண்டு, ஒரு குறுகிய நிறப்பட்டையை மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூறுகளாகப் பிரிக்கின்றது. கரியமில வாயுவிற்கு 1.6 மைக்ரோமீட்டர், 2.06 மைக்ரோமீட்டர் என்னும் அலைநீளங்களை ஒட்டிய இரு பட்டைகள் தேர்ந்துகொள்ளப்பட்டன. இவை கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புப் பகுதியில் அமைந்தவை.

ஆக்சிஜன் என்னும் எடைக்கல்

இங்கு ஒரு சிக்கல் எழுகின்றது. கோடு ஆழமாக இருப்பதற்குக் கரியமில வாயு மிகுந்திருப்பதுதான் காரணமா? அன்றி, ஒளி நெடுந்தொலைவு பயணம் செய்ததா? ஒரு மலையுச்சிக்கு மேலுள்ள காற்றுத்தூண் குட்டையானது. கடலுக்கு மேலுள்ள தூண் நெட்டையானது. தூண் நெடியதாயின் வளியும் மிகுதியாகத்தான் இருக்கும். நெல்லை அளக்கும்போது மரக்கால் இடத்துக்கு இடம் மாறினால் கணக்கு என்னவாகும்?

இதற்கு அறிவியலார் கண்ட வழி எளிமையும் அழகும் வாய்ந்தது. உலர்ந்த காற்றில் ஆக்சிஜன் எங்கும் 20.95 விழுக்காடு. நாட்டுக்கு நாடு அது மாறுவதில்லை என்றே கொள்ளலாம். ஆகவே அதே ஒளியில், 0.76 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஆக்சிஜன் பதித்த கோடுகளையும் அளந்துவிட்டால், ஒளி எவ்வளவு காற்றைக் கடந்தது என்பது தெரிந்துவிடும். கரியமில வாயுவின் அளவை அதனால் வகுத்தால், தரை முதல் வளிமண்டலத்தின் மேல் எல்லை வரை நிற்கும் அக்காற்றுத்தூணின் சராசரி கிடைக்கும். இதனைத் 'தூண் சராசரி' என்று நாம் வழங்கலாம். தராசின் ஒரு தட்டில் கரியமில வாயு. மறுதட்டில் மாறாத எடைக்கல்லாக ஆக்சிஜன்.

எத்துணை நுட்பம் வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தூண் சராசரி, துருவம் முதல் துருவம் வரை பார்த்தாலும் 2 விழுக்காட்டிற்கு மேல் பெரும்பாலும் மாறுபடுவதில்லை. அதாவது, 400 பங்கில் 8 பங்கு. ஒரு பெருநகரத்தின் மேல் எழும் மிகை பெரும்பாலும் ஓரிரு பங்கே. எனவே, 400இல் 1 பங்கை வேறுபடுத்திக் காணவல்ல கருவி வேண்டும். நானூறு பேர் கூடிய மண்டபத்தை வாயிலில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, வந்திருப்பவர் நானூறா, நானூற்றொருவரா என்று சொல்வதற்கு இது நிகர்.

பொய்ச்சான்றால் வீழ்ந்த கோள்

இவ்வளியைக் கூர்ந்து அளக்கவென்றே இரு நாடுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் கோள்களை உருவாக்கின. ஜப்பான் நாட்டின் கோள் 2009 சனவரி 23இல் விண்ணேறியது. அதற்கு இட்ட பெயர் 'இபுகி'. அந்நாட்டு மொழியில் மூச்சு என்பது அதன் பொருள். அமெரிக்காவின் கோள் 'ஓ.சி.ஓ.' எனப்பட்டது, சுற்றும் கரிம ஆய்வுக்கூடம் என்று அதனைத் தமிழில் கூறலாம். அது 2009 பிப்ரவரி 24இல் கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து ஏவப்பட்டது. ஏவுகணையின் மூக்கில் கோளைப் பொதிந்து காக்கும் உறை, உரிய நேரத்தில் பிரிந்து விழவேண்டும். அது பிரியவில்லை. சுமை கூடிய ஏவுகணை வேண்டிய விரைவை எட்டாமல், அண்டார்க்டிகாவை ஒட்டிய கடலில் கோளுடன் வீழ்ந்தது. பல்லாண்டு உழைப்பு சில நிமிடங்களில் மூழ்கிற்று. 2011இல் அதே வகை ஏவுகணையில் சென்ற 'குளோரி' என்னும் மற்றொரு கோளும் அதே முறையில் அழிந்தது.

உறை ஏன் பிரியவில்லை? இதற்கான முழு விடை பத்தாண்டுகள் கழித்து, 2019இல்தான் வெளிவந்தது. உறையைப் பிரிக்கும் இணைப்பில் குறித்த வலிமையுடைய அலுமினியப் பாகங்கள் இருத்தல் வேண்டும். அவற்றைச் செய்து கொடுத்த தொழிற்சாலையில், வலிமைச் சோதனையின் முடிவுகளைத் திருத்தி எழுதிப் பொய்ச்சான்று வழங்கியிருந்தனர் என்று நாசா அறிவித்தது. இரு கோள்களின் இழப்பு 70 கோடி டாலருக்கும் மேற்பட்டது என்றும் அது கூறிற்று.

இச்செய்தியைப் படித்தபோது நாம் நெடுநேரம் மேலே படிக்க இயலாதிருந்தோம். உலகின் கணக்கை உண்மையாக எழுதவென்று புறப்பட்ட கருவி, யாரோ ஒருவர் ஒரு தாளில் எழுதிய பொய்க்கணக்கால் கடலில் வீழ்ந்தது. அத்தாளில் எண்ணைத் திருத்தியவர் அந்தக் கோளைப் பார்த்திருக்கவும் மாட்டார். தாம் திருத்தியது ஒரு சிறு எண்தானே என்றே எண்ணியிருப்பார்.

வீழ்ச்சிக்குப் பின் நிகழ்ந்ததும் சொல்லத்தக்கது. கோளை இழந்த அமெரிக்க அறிவியலார் சோர்ந்து கலைந்துவிடவில்லை. ஜப்பானியர் தம் இபுகியின் தரவுகளை ஆராய அவர்களையும் உடன் அழைத்துக்கொண்டனர். இருநாட்டாரும் நெவாடா மாநிலத்தின் வறண்ட ஏரிப்படுகையில் கூடி, தரையில் நின்று அளந்ததையும் கோள் மேலிருந்து கண்டதையும் ஒப்பிட்டுக் கருவியைச் சரிபார்த்தனர். அவ்வாண்டுகளில் கற்ற பாடங்கள், மாற்றுக் கோளாகிய ஓ.சி.ஓ.-2 ஏவப்பட்டபோது பெரிதும் துணைநின்றன. அக்கோள் 2014 சூலை 2ஆம் நாள் வேறு வகை ஏவுகணையில் வெற்றியுடன் விண்ணேறியது.

ஓ.சி.ஓ.-2 ஏறத்தாழ 705 கிலோமீட்டர் உயரத்தில், 99 நிமிடத்திற்கு ஒரு முறை உலகைச் சுற்றுமாறு அமைக்கப்பட்டது. எவ்விடத்தைக் கடந்தாலும் அங்கு நண்பகல் கழிந்து ஏறத்தாழ ஒன்றரை மணி. 16 நாளுக்கொரு முறை அதே தடத்திற்கு மீளும். நொடிக்கு 24 அளவைகள், நாளொன்றுக்குப் பத்து இலட்சம் வரை எடுக்கவல்லது. ஒவ்வோர் அளவையும் 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த நிலப்பரப்பிற்கு உரியது. 2019 மே மாதம் ஓ.சி.ஓ.-3 என்னும் கருவி பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்டது. அது தன் பார்வையைத் திருப்பி, ஒரு நகரத்தைச் சூழ்ந்த ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சதுரத்தைச் சில நிமிடங்களில் துழாவிப் பார்க்கும் திறன் பெற்றது. சீன நாடும் 2016 திசம்பரில் 'டான்சாட்' என்னும் கோளை அனுப்பிற்று.

சுவடியும் பாடபேதமும்

கோள் தரும் எண்ணை அப்படியே நம்பலாமா? கூடாது என்பதே அறிவியலார் விடை. இதனைத் தமிழ் பயில்வோர் எளிதில் உணரலாம். ஒரே நூலின் சுவடி ஒன்று மட்டும் கிடைத்தால், பதிப்பாசிரியர் அதில் உள்ளவாறே அச்சிட்டு அமைந்துவிடுவதில்லை. வேறு சுவடிகளைத் தேடி, பாடபேதங்களை ஒப்பிட்டு, எழுதியவன் எவ்விடத்தில் வழுவினான் என்று ஆராய்கின்றார். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தது இதற்காகவே அன்றோ?

வளிமண்டலச் சுவடியை ஒப்பிடவும் அவ்வாறே ஓர் ஏற்பாடு உண்டு. 2004இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கி, இன்று பல நாடுகளில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் நிறமாலைமானிகள் தரையில் நிறுவப்பட்டுள்ளன. அவை நேரே ஞாயிற்றை நோக்கி, அதே தூண் சராசரியைக் கீழிருந்து அளக்கின்றன. கோள் அவ்விடத்தைக் கடக்கும்போது, தன் பார்வையை அந்நிலையத்தின் மீதே நிறுத்திப் பல்லாயிரம் அளவைகள் எடுக்கின்றது. மேலிருந்து படித்ததும் கீழிருந்து படித்ததும் வேறுபட்டால், பிழை எங்கே என்று தேடுகின்றனர்.

பிழைக்கு வழிகள் பல. சுவடியைக் கரையான் அரித்தது போல, மேகம் அளவைகளை அரித்துவிடுகின்றது. பத்து இலட்சம் அளவைகளுள் மேகமும் பிற குறைகளும் நீக்கிப் பயன்படுபவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. மேகமில்லா வானிலும் தூசியும் புகையும் ஒளியைச் சிதறடித்து அதன் வழியை மாற்றிவிடும். கடல் நீரோ அகச்சிவப்பு ஒளியைப் பெரிதும் விழுங்கிவிடுவதால் மேலிருந்து இருண்டு தோன்றும். அங்கு ஞாயிறு கண்ணாடியில் போல் பளிச்சிடும் இடத்தை நோக்கிக் கோள் தன்னைத் திருப்பிக்கொள்கின்றது. இரவிலும், துருவத்தின் நீண்ட குளிர்காலத்திலும் இவ்வகைக் கோள் குருடே. ஒளிதான் அதன் சாட்சி. ஒளியில்லாவிடில் வழக்கே இல்லை. இக்குறையைப் போக்கும் பொருட்டு, தானே லேசர் ஒளியைப் பாய்ச்சி அளக்கும் கருவியைச் சீன நாடு 2022 ஏப்ரலில் ஒரு கோளில் அனுப்பியது.

கோள்கள் கண்டு சொன்னவை

அளந்ததால் அறிந்தது என்ன? மூன்றினை மட்டும் இங்குக் குறிப்பிடுகின்றோம்.

முதலாவது, வெப்பமண்டலக் காடுகளைப் பற்றியது. 2015-16இல் பசிபிக் பெருங்கடலில் 'எல் நினோ' என்னும் நிகழ்வு கடுமையாக இருந்தது. காற்றில் கரியமில வாயுவின் ஏற்றம் அப்போது வழக்கத்தை விஞ்சிற்று. இபுகி, ஓ.சி.ஓ.-2 ஆகியவற்றின் அளவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான முடிவு இது: 2011ஆம் ஆண்டை நோக்க, 2015இல் வெப்பமண்டல நிலப்பகுதிகள் ஏறத்தாழ 250 கோடி டன் கரிமத்தை மிகுதியாகக் காற்றில் விட்டன. காரணம் எங்கும் ஒன்றன்று. தென்னமெரிக்காவில் வறட்சியால் தாவரங்கள் உண்பதைக் குறைத்தன. ஆப்பிரிக்காவில் வெப்பம் மிகுந்து இலைதழைகள் விரைந்து மக்கின. ஆசியாவில் காட்டுத்தீ எரித்தது. மூன்று கண்டங்களில் மூன்று காரணங்கள். காற்றில் கலந்தபின் விளைவு ஒன்றே. நமக்கு உதவும் காடுகள் எந்நாளும் உதவும் என்று இறுமாந்திருத்தல் ஆகாது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, எதிர்பாராது கிடைத்தது. ஒளிச்சேர்க்கை நிகழும்போது இலையின் பச்சையம் ஏற்ற ஒளியில் மிகச் சிறு பகுதியைச் செந்நிறத்தை ஒட்டிய ஒளியாகத் திரும்ப உமிழ்கின்றது. நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆக்சிஜனை அளக்க வைத்த பட்டையிலேயே இம்மெல்லொளியும் பதிவாகியிருப்பதை இபுகியின் தரவுகளிலிருந்து 2011இல் அறிவியலார் பிரித்தெடுத்துக் காட்டினர். எனவே ஒரு காடு பசுமையாக இருக்கின்றதா என்பது மட்டுமன்றி, அது அக்கணத்தில் உழைக்கின்றதா என்பதும் விண்ணிலிருந்தே தெரியலாயிற்று.

மூன்றாவது, மனிதர் செய்கையைப் பற்றியது. 2017இல் வெளியான ஆய்வொன்று, ஓ.சி.ஓ.-2 அளவைகளைக் கொண்டு தனித்தனி அனல்மின் நிலையங்களின் புகைப்போக்கு வழியே வெளியேறும் அளவைக் கணித்தது. நம் நாட்டு மத்தியப் பிரதேசத்தின் சாசன் மின்நிலையமும் அவற்றுள் ஒன்று. பின்னர், ஐரோப்பாவின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையமாகிய போலந்து நாட்டின் பெவ்காதூவ் நிலையத்தை 2017 முதல் 2022 வரை ஆராய்ந்தனர். மின்னாக்கம் குறைந்தபோது மேலே தெரியும் கரியமில வாயுவும் குறைந்ததை அளவைகள் காட்டின.

காற்றில் கண்ட மிகையிலிருந்து மூலத்தைக் கணிப்பது எங்ஙனம்? ஆற்றில் கலங்கல் வரக் கண்டவர், நீரோட்டத்தின் விரைவையும் திசையையும் அறிந்திருந்தால், மேலே எங்கு எவ்வளவு மண் கரைந்திருக்கும் என்று கூறிவிடலாம். அங்ஙனமே காற்று வீசும் திசையும் விரைவும் அறிந்து, பின்னோக்கிக் கணக்கிடுகின்றனர். காற்றோட்டத்தைக் கணித்ததில் பிழை நேர்ந்தால் மூலக்கணக்கிலும் பிழை நேரும் என்பதை அவர்களே ஒளிவின்றிக் கூறுகின்றனர்.

வழக்கும் தீர்ப்பும்

2015இல் பாரிசு நகரில் ஏற்கப்பட்ட உடன்படிக்கையின்படி, நாடுகள் தாம் வெளியிடும் கரியமில வாயுவின் கணக்கைத் தாமே எழுதித் தருகின்றன. எரித்த நிலக்கரி இவ்வளவு, விற்ற எண்ணெய் இவ்வளவு என்று கூட்டிப் பெருக்கி வருவது அக்கணக்கு. வணிகர் தாமே எழுதிய பேரேட்டை மற்றொருவர் தணிக்கை செய்வது போல, இக்கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கக் கோள்கள் உதவக்கூடும். ஐரோப்பிய நாடுகள் இதற்கெனவே ஒரு கோள் வரிசையை உருவாக்கி வருகின்றன. பிரான்சு நாட்டின் 'மைக்ரோகார்ப்' கோளும், ஜப்பானின் இபுகி வரிசையில் மூன்றாவது கோளும் 2025இல் விண்ணேறிவிட்டன.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. கோள் இன்றைய புகையைத்தான் பார்க்கும். கரியமில வாயுவோ காற்றில் நூற்றாண்டுக் கணக்கில் தங்குவது. 280 பங்கை 424 பங்காக உயர்த்தியதில், முன்னரே தொழில் வளம் பெற்ற நாடுகளின் கை பெரிது. விளக்கேற்ற இன்றுதான் மின்சாரம் பெற்ற சிற்றூரின் பங்கு மிகச் சிறிது. எந்த மூலக்கூறு எந்த ஆண்டில் எந்த நாட்டுப் புகைப்போக்கியில் பிறந்தது என்று ஒளிக்கோடு சொல்லாது. அதற்கு வரலாற்று ஏடுகளைத்தான் புரட்டவேண்டும். ஆதலின், நிறைகோல் எடையைக் கூறும். அவ்வெடையை யார் சுமப்பது என்று கூறாது. அத்தீர்ப்பு மனிதர் கடமை. நிறைகோல் உள்ளதென்று நீதியும் தானே வந்துவிடும் என நம்புவது பேதைமை. அதே வேளையில், நிறைகோலே இல்லாத சந்தையில் நீதி கேட்பதற்கும் வழியில்லை.

முடிவுரை

காற்றில்லாத இடத்தில் இருக்கும் கருவி காற்றை எப்படி அளக்கும் என்று கேட்ட மாணவருக்கு நாம் கூறும் விடை இதுதான். அது காற்றைத் தொடுவதில்லை. காற்றைத் தொட்டு வந்த ஒளியைக் கேட்கின்றது. மாறாத ஒன்றை எடைக்கல்லாகக் கொண்டு மாறுவதை நிறுக்கின்றது. தான் கண்டதைத் தரையில் உள்ளோர் கண்டதோடு ஒப்பிட்டுத் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்கின்றது.

மாணவர்க்கு மற்றொன்றும் சொல்ல விரும்புகின்றோம். செய்முறைப் பதிவேட்டில், சோதனையைச் செய்யாமலேயே நண்பர் ஏட்டைப் பார்த்து எண்களை எழுதிக்கொள்வதும், வந்த விடையை 'வரவேண்டிய' விடைக்கு ஏற்பத் திருத்திக்கொள்வதும் நம் கல்லூரிகளில் சிறு பிழையாகவே கருதப்படுகின்றன. நாமும் மாணவராய் இருந்த நாளில் அவ்வாறு எழுதியதுண்டு. எங்கோ ஒரு தொழிற்சாலையில் அவ்வாறே ஒருவர் ஓர் எண்ணைத் திருத்தினார். ஒரு கோள் கடலில் வீழ்ந்தது. உலகம் தன் மூச்சின் கணக்கைத் துலக்கமாக அறிய மேலும் ஐந்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. மறுபுறம், கீலிங் என்னும் ஒருவர், வந்த எண்ணை வந்தவாறே நாற்பத்தேழு ஆண்டுகள் எழுதிவைத்தார். உலகம் தன் நிலையை உணர்ந்தது. அளப்பது அறிவியல். அளந்ததை அளந்தவாறே எழுதுவது அறம். அடுத்த முறை பதிவேட்டைத் திறக்கும்போது அக்கோளை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.